கல்யாணம் முடிந்து ஒரு மத்தியானம்: நாகர்கோவில் பக்கம் எந்தக் கடற்கரை?

கேட்டது சுருக்கமாக இது. பிப்ரவரி நடுவில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். பந்தி பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும், திரும்பிப் போகிற ரயில் இரவில். நடுவில் கிடைக்கிற மத்தியானத்தைக் கூட்டமில்லாத ஒரு கடற்கரையில் சும்மா உட்கார்ந்து கழிக்க வேண்டும். கூட முழங்கால் வலியுள்ள அம்மா, எட்டு வயதுப் பையன். விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. எங்கே போகலாம், எத்தனை மணிக்குப் போகலாம், பையன் கடலில் இறங்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கால் நனைக்கலாம், இறங்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

எனக்கு ஊர் ராஜாக்கமங்கலம் பக்கம். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு தென்னந்தோப்புதான். எங்கள் ஊரில் ஒருவர் "கடலுக்குப் போறேன்" என்றால் மீன் வாங்கப் போகிறார் அல்லது காற்று வாங்கப் போகிறார் என்று அர்த்தம். குளிக்கப் போவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குளிக்க ஆறும் குளமும் கால்வாயும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் கடலைத் தேடி வருகிறார்கள், நாங்கள் கடற்கரையில் நிழலைத் தேடுகிறோம். நீங்கள் கேட்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் எந்தக் கடற்கரை என்பதைவிட எந்த நிழல் என்று பார்ப்போம்.

கன்னியாகுமரி முனைக்குக் கிழக்கே கொஞ்சம், மேற்கே கேரள எல்லையில் நீரோடி வரை நீளமாக, எங்கள் குமரி மாவட்டத்தின் கடற்கரை மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். 40-க்கும் மேல் மீனவ ஊர்கள். இதில் சுற்றுலாப் பேருந்து நிற்கிற இடம் நாலோ ஐந்தோதான் இருக்கும். மீதி எல்லாம் அமைதியான கடற்கரைதானே என்று செல்போனில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கடலரிப்பு காரணமாகப் பல ஊர்களில், முக்கியமாக மேற்குப் பக்கத்தில், பெரிய பெரிய பாறைகளைக் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கிற கல் சுவர். வரைபடத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். நேரில் போனால் வீட்டுச் சுவர், அடுத்து ரோடு, அடுத்து பாறை, அடுத்து அலை. உட்கார ஒரு பாய் அளவு மணல் இருக்காது. பாறை மேல் நின்று பார்க்கலாம், அம்மாவை வைத்துக்கொண்டு அது ஆகாது.

உங்களுக்கு நான் சொல்வது சொத்தவிளை. நாகர்கோவிலிலிருந்து பத்து கிலோமீட்டர் ஒட்டி வரும். நீளமான மணல் கடற்கரை, சுமார் 4 கிலோமீட்டர். தெரிந்த இடம்தான், வாகனம் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிக் கடைகள், கண்காணிப்புக் கோபுரம், நிழற்குடைகள் எல்லாம் உண்டு. "அங்கே கூட்டம் வருமே" என்று நாகர்கோவில்காரர்கள் யாராவது உங்களிடம் சொல்வார்கள். வரும், ஆனால் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான். வந்தவர்களும் வண்டியை விட்ட இடத்திலிருந்து இருநூறு அடி தாண்ட மாட்டார்கள். நீங்கள் நானூறு ஐந்நூறு எட்டு நடந்து போனால் அந்தக் கூட்டம் ஒரு சத்தமாக மட்டும் கேட்கும், இன்னும் கொஞ்சம் போனால் அதுவும் அலையோடு கரைந்துவிடும். அம்மாவுக்கு மணலில் அவ்வளவு தூரம் நடப்பது சிரமம் என்றால் காரிலேயே கரையோர ரோட்டில் கொஞ்சம் தள்ளிப் போய், தோப்பு கடலை ஒட்டி வருகிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

சங்குத்துறையும் பக்கத்தில்தான். நாகர்கோவில்காரர்களின் சாயங்காலக் கடற்கரை அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் உங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேரை மறுபடி அங்கே பார்த்துவிடலாம்.

முட்டம் அழகு, மறுக்கவில்லை. செம்மண் மேடு, பாறை, கலங்கரை விளக்கம், சினிமாவில் நூறு தடவை பார்த்த அதே இடம். ஆனால் அது ஏறி இறங்கிப் பார்க்கிற அழகு. முழங்கால் வலிக்காரர்களுக்கு முட்டம் சரிப்படாது. வட்டக்கோட்டை வேறு மாதிரி. கிழக்குப் பக்கம், வங்கக் கடல். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் காலத்தில் கட்டிய கோட்டை. மேலே நின்றால் காற்று ஆளைத் தூக்கும். ஒரு மணி நேரம் நன்றாகப் போகும், ஒரு மத்தியானம் போகாது.

அம்மாவுக்கு மணலே வேண்டாம் என்றால் மணக்குடி. பழையாறு கடலில் சேருகிற பொழி அங்கே. பொழி என்றால் ஆறு கடலைச் சந்திக்கிற முகம், எங்கள் பக்கத்துச் சொல். ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள், ஒரு பக்கம் கடல், மேலே பாலம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது அங்கிருந்த பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது அதன் பிறகு கட்டியது. பொழியின் தண்ணீர் அசையாமல் கிடக்கும், கொக்கும் நாரையும் நிற்கும். போகிற வழியில் புத்தளம் உப்பளம் வரும். பிப்ரவரியில் பறவைகள் இருக்கிற காலம்தான், காரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

சரி, நேரம். பந்தியில் சாப்பிட்டுவிட்டு நேரே கடற்கரைக்குப் போகாதீர்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி என்பது நம் மாவட்டத்துக்கு உச்சிப்பொழுது கிடையாது. இந்திய நேரத்தைக் கணக்கிடுகிற தீர்க்கரேகை நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருப்பதால், பிப்ரவரியில் சூரியன் நம் தலைக்கு மேல் உச்சிக்கு வருவது பன்னிரண்டரையைத் தாண்டித்தான். அதனால் ஒன்றரை மணி வெயில் என்பது உண்மையில் உச்சிவெயில். மண்டபத்திலேயே ஒரு ஓரமாகக் கட்டையைச் சாய்த்துவிட்டு, மூன்று மணிக்குக் கடற்கரையில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். எங்கள் ஊர்க் கல்யாணச் சாப்பாட்டில் அவியலும் எரிசேரியும் இரண்டு வகைப் பிரதமனும் உள்ளே போனபின் தூக்கம் தானாகவே வரும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றிலிருந்து ஆறரை வரை மூன்றரை மணி நேரம். நெய்தல் நிலத்துக்குச் சிறுபொழுது எற்பாடு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். எல் என்றால் சூரியன், பாடு என்றால் சாய்வது. பொழுது சாய்கிற வேளையைக் கடற்கரைக்கு ஒதுக்கி வைத்தவர்கள் கடற்கரையில் உட்கார்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். காலையில் கடற்கரை வேலைக்கான இடம், ஏலச் சத்தம் காதைப் பிளக்கும். உச்சியில் மணல் சுடும். மூன்று மணிக்கு மேல்தான் அது சும்மா இருக்கிறவர்களின் இடமாகிறது.

நிழல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடற்கரை தெற்கும் கொஞ்சம் தென்மேற்குமாகப் பார்க்கிறது. பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆக, தென்னையின் நிழல் கடல் பக்கம் விழாது, வடகிழக்காகத் தோப்புக்குள்ளே விழும். மணலின் விளிம்பில் இருக்கிற முதல் வரிசைத் தென்னைக்கு முன்னால் பாயை விரித்தால் வெயிலில்தான் கிடப்பீர்கள். மரத்துக்குப் பின்னால் இரண்டாவது வரிசைக்குள் போய் உட்காருங்கள். அங்கிருந்தும் கடல் தெரியும், தடிகளுக்கு நடுவில் துண்டு துண்டாகத் தெரியும், அது இன்னும் நன்றாக இருக்கும். இதே மே, ஜூனில் வந்திருந்தால் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போயிருக்கும், மத்தியான நிழல் கடல் பக்கமாக விழுந்திருக்கும். அப்போது முதல் வரிசைக்கு முன்னால் உட்காரலாம். ஆனால் அந்த மாதங்களில் காற்றும் மழையும் உட்கார விட்டால்தானே.

நிழல் நகரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு நிழல் இருக்கிற இடத்தில் விரிக்காமல், இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளி விரித்தால் நிழல் உங்களைத் தேடி வரும். நாலரைக்கு நிழல் மரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டுவிடும், அப்புறம் கவலை இல்லை. கல்லூரியில் படிக்கும்போது கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது நிழல் மூன்று முழம் தள்ளிப் போயிருந்தது. முகத்தில் இடது பாதி மட்டும் கறுத்து ஒரு வாரம் அப்படியே இருந்தது. மூக்குதான் எல்லை. என் அம்மா அதைப் பார்த்துச் சிரித்ததை இன்னும் நிறுத்தவில்லை.

தென்னைக்குக் கீழே உட்காரும்முன் ஒருமுறை மேலே பாருங்கள். காய் முற்றித் தொங்குகிற குலையும் காய்ந்து தொங்குகிற மட்டையும் இருந்தால் அடுத்த மரம். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோங்கள், மண்டபத்தில் கேட்டால் ஒன்று தருவார்கள். மணலில் போட்டால் அதன் கால் நாலும் புதையும், எழும்பும்போது சாயும். தோப்பில் காய்ந்த மட்டைகள் கிடக்கும், இரண்டை எடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டு அதன்மேல் நாற்காலிக் கால்களை வையுங்கள். அசையாது. உங்களுக்குக் கோரைப்பாய் போதும். பாய் இல்லாவிட்டால் பழைய சாரம் ஒன்று. லுங்கியைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கம் அதற்குச் சாரம் என்று பேர். ஆளுக்கொரு தோர்த்தும் வேண்டும், துண்டு என்று நீங்கள் சொல்வது.

மணல் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. பையனுக்கு இது பிடிக்கும். சொத்தவிளையில் வெளிர் மணலுக்கு நடுவில் அங்கங்கே கறுப்பாகவும் சிவப்பாகவும் வரி வரியாகத் தெரிந்தால் அழுக்கு என்று நினைக்க வேண்டாம். மேற்கே போகப் போக, மணவாளக்குறிச்சி பக்கம், மணலே கறுப்பாக இருக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், கூடவே சிர்கான், ரூட்டைல், தேன் நிறத்தில் மோனசைட். மலைப்பாறைகள் கரைந்து ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்த கனிமங்கள் இவை. சாதாரண மணலைவிடக் கனமானவை. அலை வந்து திரும்பும்போது லேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது அங்கேயே தங்கும். அரிசி களைகிற மாதிரிதான், கல் அடியில் தங்கிவிடும்.

1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கயிறு வாங்கப் போய் மணலைக் கண்ட கதை. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அந்தக் காலத்தில் கேஸ் விளக்கில் வெளிச்சம் தருகிற மேண்டில் என்ற வலைத்துணிக்கு அதுதான் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சியில் இன்றும் அரசு நிறுவனத்தின் மணல் ஆலை இயங்குகிறது. தோரியம் இருப்பதால் இந்தக் கரையில் இயற்கையான கதிரியக்கம் மற்ற இடங்களைவிடக் கூடுதல். ஒரு மத்தியானம் உட்கார்ந்து போவதற்கு அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். மணல் அள்ளுவது குறித்து இங்கே வாழ்கிறவர்களுக்கு இருக்கிற கவலை வேறு, அது வேறு ஒரு நீளமான பேச்சு.

பையனிடம் ஒரு வலுவான காந்தத்தைக் கொடுத்துவிடுங்கள், பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கிற மாதிரி. பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கறுப்பு மணலில் ஓட்டினால் ரோமம் முளைத்த மாதிரி மணல் ஒட்டும். பையை உருவினால் கொட்டிவிடும். எட்டு வயதுக்கு அரைமணி நேரம் நிச்சயம். பை இல்லாமல் ஓட்டினால் காந்தத்திலிருந்து அந்த மணலைப் பிரிப்பது உங்கள் வேலையாகிவிடும்.

கறுப்பு மணலில் இன்னொரு விஷயம், அது வெயிலை உறிஞ்சும். என் அக்கா மகனை ஒருமுறை மணவாளக்குறிச்சிப் பக்கம் கூட்டிப் போனேன். வெள்ளை மணலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து ஓடினான். நடுவில் ஒரு பத்தடி அகலத்துக்குக் கறுப்பு. அதில் கால் வைத்தவன் திரும்பி வரவும் முடியாமல் முன்னே போகவும் முடியாமல் தவளை மாதிரிக் குதித்தான். கடைசியில் சட்டையைக் கழற்றிப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு "மாமா" என்று கத்தினான். நான் போய்த் தூக்கிவந்தேன், என் கால் வெந்தது. நாலு மணி வரை செருப்பைக் கழற்ற விடாதீர்கள்.

இப்போது கடல். எங்கள் கரை சட்டென்று ஆழமாகிற கரை. நாலு எட்டு முழங்கால், ஐந்தாவது எட்டு கழுத்து. அலை கரையிலேயே வந்து உடையும், திரும்பும்போது காலுக்குக் கீழே இருக்கிற மணலையும் சேர்த்து இழுக்கும். இதைவிட மோசமானது, ஆட்கள் பாதுகாப்பு என்று நினைக்கிற இடம். வரிசையாக அலை உடைந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் நுரை இல்லாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அங்கே போய்த்தான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வாய் அது. அதில் மாட்டினால் நல்ல நீச்சல்காரனையும் உள்ளே கொண்டுபோய்விடும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தித் தோற்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாயை விட்டு வெளியே வந்தபின் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர்கள் உடனே குதிக்கவும் கூடாது. கயிறோ, மூடிய காலிக் குடமோ, எது மிதக்குமோ அதை வீசிவிட்டு மீனவர்களைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் கள்ளக்கடல். காற்றே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போது, கள்ளன் மாதிரி சொல்லாமல் வந்து ஏறுகிற கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் எங்கோ வீசிய புயலில் கிளம்பிய அலை, சில நாள் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். சித்திரை, வைகாசியில் அதிகம். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அவர்களும் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான், அதனால்தான் மேலே முதல் வரியிலேயே இறங்கக் கூடாது என்று எழுதினேன். கிளம்பும் முன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பாருங்கள், ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும், செய்தியிலும் வரும். பிப்ரவரியில் எங்கள் கடல் பொதுவாக அமைதிதான். அந்த அமைதியும் இறங்குவதற்கு அனுமதி கிடையாது.

செய்தியைவிட நம்பகமான ஆள் ஒருவர் கரையிலேயே இருப்பார். வலை பின்னிக்கொண்டு ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர். "கடல் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவர் தலையைத் தூக்கிக் கடலை ஒருமுறை பார்ப்பார், பையனைப் பார்ப்பார். "அந்த வெள்ளை வாறதுக்கு இங்கிட்டு நின்னுக்க மக்களே, அங்கிட்டுப் போவாத" என்பார். எங்கள் பக்கம் பெரியவர்கள் எந்தப் பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விரலைக் காட்டுகிற இடம்தான் எல்லை. அந்த எல்லைக்குள் நின்று கால் நனைக்கட்டும்.

கரையில் விரித்துக் கிடக்கிற வலையைச் செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள். வள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், அது ஒருவருடைய அலுவலகம். ஆட்களைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் கரமடி இழுப்பதைப் பார்க்கலாம். இது ஒன்றுக்காகவே நான் ஊருக்கு வரும்போதெல்லாம் கரைக்குப் போகிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொண்டு, வள்ளத்தில் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுக்கொண்டே போய், இன்னொரு முனையோடு வேறு இடத்தில் கரை சேருவார்கள். பிறகு இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். அவசரமே கிடையாது. கயிற்றை இடுப்பில் சார்த்தி, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடந்து, கடைசி ஆள் கயிற்றை வட்டமாகச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி முன்னால் தண்ணீர் ஓரத்துக்கு வந்து பிடிப்பார். கடைசிவரை மடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காகத்துக்கும் பருந்துக்கும் மட்டும் தெரியும், அவை மேலே வட்டமடிக்கத் தொடங்கினால் இழுப்பவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் வரும்.

மடி கரைக்கு வந்து அவிழ்த்ததும் வெள்ளி கொட்டிய மாதிரி நெத்திலி, சாளை, காரல், இடையில் ஒரு நண்டு, ஒன்றிரண்டு கணவாய், கொஞ்சம் சொறி, ஜெல்லி மீனைச் சொல்கிறேன். சில நாள் சொறிதான் பாதி. நெத்திலி மணலில் விழுந்து துள்ளும்போது வருகிற சத்தத்தைக் கவனியுங்கள், காய்ந்த ஓலையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். சொறியைப் பையன் கையால் தொட வேண்டாம், அரிக்கும். பையன் கயிற்றைப் பிடிக்க ஆசைப்பட்டால் கேளுங்கள், கடைசி ஆளுக்குப் பின்னால் நிற்க விடுவார்கள். இழுத்துக் கொடுத்ததற்குக் கை நிறைய நெத்திலி கொடுத்தாலும் கொடுப்பார்கள். ரயிலில் அதை என்ன செய்வீர்கள் என்பது உங்கள் பிரச்சினை. வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், வாங்கிப் பக்கத்தில் கூடை வைத்திருக்கிற அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கரமடி இருக்காது. எங்கள் கரையின் மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள். அதற்குப் பதில் கால்பந்து. நாலு மணிக்கு மேல் ஈர மணலில் வெறுங்காலோடு ஆடுவார்கள், வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று திட்டிக்கொண்டே ரசிப்பார்கள். இது மேற்கே தூத்தூர் பக்கம் இன்னும் தீவிரம்.

சாப்பாடு பெரிதாக வேண்டியிருக்காது, பந்தி வயிறு. மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லியது, வாசனை அறையை நிறைக்கும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். ஏத்தங்காய் சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் பொரித்ததா என்று மோந்து பார்த்து வாங்குங்கள். அஞ்சு மணிக்கு ஒரு சுக்குக்காப்பி வேண்டும், வண்டி நிறுத்துகிற இடத்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கட்டன் சாயா, பால் விடாத டீ. காலை வேளையில் வந்தால் பதநீர் கிடைக்கும், அக்கானி என்று கேட்க வேண்டும். மத்தியானம் கிடைத்தால் வாங்காதீர்கள், அதற்குள் புளித்திருக்கும். மீன் சாப்பிட வேண்டும் என்றால் கடற்கரையில் தேடாமல் நாகர்கோவில் திரும்பியபின் ஓட்டலில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும் கேளுங்கள். தேங்காய் அரைத்துப் புளி விட்ட குழம்பு, கிழங்கோடுதான் அதற்கு ருசி.

சூரியன் மறைவது பிப்ரவரி நடுவில் ஆறரை மணிக்கு. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் வலது கைப் பக்கம், நேரே தண்ணீருக்குள்ளேயே இறங்கும். நீங்கள் வருகிற மாதம் இதற்கு நல்ல மாதம். ஜூனில் என்றால் சூரியன் வடக்கே விலகிப் போய், கரை நீண்டு போகிற திசையிலேயே தென்னைகளுக்குள் மறைந்துவிடும். கடலில் விழுவதைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து நிற்பார்கள். அடிவானத்தில் பெரும்பாலும் ஒரு சாம்பல் பட்டை இருக்கும், தண்ணீரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே சூரியன் அதற்குள் கரைந்துவிடலாம். அப்படியானால் உடனே எழும்பாதீர்கள். மறைந்து பத்து நிமிடம் கழித்துத்தான் ஈர மணல் முழுவதும் செம்பு நிறமாகும். மணலில் வளை தோண்டியிருக்கிற சின்ன நண்டுகள் அந்த நேரத்தில் வெளியே வரும். அசையாமல் இருந்தால் கால் விரல் வரை வரும், பையன் ஒரு மூச்சு விட்டால் அத்தனையும் ஒரே நொடியில் காணாமல் போகும்.

இருட்டிய பின் தோப்புக்குள் இருக்க வேண்டாம், கரையோரத்தில் தெருவிளக்கு எல்லா இடத்திலும் கிடையாது. பேருந்தில் போவதானால் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. ஆனால் திரும்புகிற பஸ் நேரத்தை இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவோடு போவதால் கார் அல்லது ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது, காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

அம்மா பட்டுச்சேலையோடு வர வேண்டாம். உப்புக்காற்று சரிகைக்கு ஆகாது, மணல் மடிப்புக்குள் போனால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கொட்டிக்கொண்டிருக்கும். கால் கழுவ இரண்டு பாட்டில் தண்ணீர் தனியாக வண்டியில் வைத்திருங்கள். கறுப்பு மணல் விரலிடுக்கில் ஒட்டினால் துடைத்தால் போகாது, கழுவினால்தான் போகும். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு நகரத்துக்குள் வந்துவிடலாம். டிக்கெட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ரயில் நாகர்கோவில் சந்திப்பிலிருந்தா, டவுன் ஸ்டேஷனிலிருந்தா என்று. இரண்டும் வேறு வேறு இடம், ஆட்டோக்காரர் "ஸ்டேஷன்" என்று சொன்னால் கோட்டாற்றில் இருக்கிற சந்திப்புக்குத்தான் கொண்டுபோய் விடுவார்.